தினமும் வர வேண்டுமா, முடிந்தபோது வந்தால் போதுமா?

பாளையங்கோட்டை மைதானங்களில் சாயங்காலம் விளையாட்டுப் பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரில் இரு கட்சி உண்டு. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்பது ஒன்று. விளையாட்டுத்தானே, முடிந்தபோது போகட்டும் என்பது மற்றது.

இரண்டாம் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைவிடப் பயிற்சி பெரிதல்ல. வடம் பிடிக்கப் போகட்டும்.

ஆனால் கபடியில் ஓர் அணிக்குக் களத்தில் நிற்பவர்கள் 7 பேர். பாடி வருபவனை மடக்கும் சங்கிலிப் பிடியைப் பழக, கை கோத்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். வாலிபாலில் 6 பேரும் சுழன்று இடம் மாற வேண்டும்; நான்கு பேரை வைத்து அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? வராதவனுக்குப் போவது ஒரு மாலை. வந்து காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆட்டமே போய்விடுகிறது. நீச்சலிலோ ஓட்டத்திலோ இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை.

அதனால் நான் முதல் கட்சியின் பக்கம்தான். ஆனால் அவர்கள் தரும் தண்டனையை ஏற்க மாட்டேன். டியூஷன் நேரம் மாறியது, கொண்டுவிட ஆளில்லை, அம்பாசமுத்திரத்தில் கல்யாணம் என்று காரணங்கள் பெரும்பாலும் பெரியவர்களுடையவை. அதற்காகக் குழந்தையை ஓரத்தில் உட்காரவைப்பது அநியாயம். வாரம் ஐந்து நாள் முடியாதென்றால் இரண்டே நாள் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த இரண்டைத் தவறவிடாதீர்கள். வர முடியாதபோது முந்தின நாளே பிள்ளையைக்கொண்டே பயிற்சியாளரிடம் சொல்லவையுங்கள்.