சாவியா, டிரைவரோடா? சொந்தக்காரர்களுக்குக் கார் கொடுப்பதில் நான்கு வழிகள்

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே எங்கள் பக்கம் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணாச்சி, அன்னைக்கு வண்டி சும்மாதான நிக்கி?" திருநெல்வேலிச் சீமையில் யார் எந்த ஊரில் இருந்தாலும் அன்று அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோவிலுக்குப் போயாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாள், வாடகைக் கார் கிடைப்பது கஷ்டம். ஆகவே கேட்பவர் மேல் தப்பே இல்லை. ஆடி அமாவாசை, குற்றால சீசன், சடங்கு வீடு, பெண் பார்க்கப் போவது என்று வருஷம் முழுக்க இது ஓடும். கார் வைத்திருப்பவர் முன்னால் நான்கு வழி இருக்கிறது: சாவியைக் கொடுத்துவிடலாம், தானே ஓட்டிப் போகலாம், நாள் சம்பளத்துக்கு வரும் ஆக்டிங் டிரைவர் போட்டு அனுப்பலாம், அல்லது இல்லை என்று சொல்லி ஒரு டாக்ஸி பேசிக் கொடுக்கலாம்.

சாவி கொடுப்பதுதான் பார்க்க லேசான வழி. ஆனால் அதில்தான் விவகாரம் அதிகம். முதலில் லைசென்ஸ். "லைசென்ஸ் இருக்கா மாப்ளே?" என்று கேட்டால் முகம் சுருங்கும், இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். இருக்கிறது என்று எடுத்துக் காட்டுகிற பலரிடம் இருப்பது கியர் பைக்குக்கு உரியது மட்டும். கார் ஓட்ட எல்எம்வி, அதாவது இலகு ரக வாகனம், என்று அதில் இருக்க வேண்டும். பெரியப்பா முறை வருகிறவர்களிடம் இன்னொரு சிக்கல். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருஷத்துக்குத்தான் தருவார்கள், அது முடிந்துபோனது அவருக்கே ஞாபகம் இருக்காது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் வந்த பிறகு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கு மட்டுமல்ல, வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பதினெட்டு நிரம்பாத பையன் ஓட்டி மாட்டினால் கணக்கே வேறு: 25,000 ரூபாய், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் ஆர்சி, அதாவது பதிவு, 12 மாதத்துக்கு ரத்து. "செம்மணல் தேரிக்குள்ள யாரு பாக்கப் போறா, பிள்ளை கொஞ்சம் ஓட்டட்டும்" என்று சொல்லும் சித்தப்பாக்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, லைசென்ஸ் சரியாக இருக்கிறது. அப்படியானால் உரிமையாளரின் சம்மதத்தோடு யார் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் செல்லும். நிறைய பேர் இதை மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஓட்டை இருக்கிறது. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளருக்குத்தான், ஸ்டியரிங் பிடித்த மச்சினனுக்கு இல்லை. இரண்டாவது, நோ கிளைம் போனஸ். ஐந்து வருஷம் கிளைம் இல்லாமல் ஓட்டி, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி வரை வந்திருப்பீர்கள். கொழுந்தன் கல்யாண மண்டபத் தூணில் பம்பரை உரசி, நீங்கள் ஒரு கிளைம் போட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், அதற்கென்று தனிக் காப்பு எடுத்திருந்தாலே தவிர. கிளைம் போடாமல் கைக்காசில் பெயிண்ட் அடித்தால், அந்தக் காசை அவர்களிடம் கேட்க நமக்கு வாய் வராது.

அப்புறம் எந்தப் பாலிசியிலும் வராத சேதம். குற்றாலத்துக்குப் போனவர்கள் தலை நிறைய எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வருவார்கள். சீயக்காய் பாதி போயிருக்கும், எண்ணெய் பாதி இருக்கும். அந்தத் தலைகளெல்லாம் தென்காசி தாண்டுவதற்குள் தூக்கத்தில் சீட்டின் மேல் சாய்ந்துவிடும். நான்கு ஹெட்ரெஸ்ட்டிலும் நான்கு வட்டம், ஷாம்பு போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. திருச்செந்தூர் என்றால் கடலில் குளித்து ஈர வேட்டியோடு உட்கார்ந்த உப்பு. தேரிக்காட்டு அய்யனார் கோவில் என்றால் அது இன்னும் மேல். தார் ரோட்டை விட்டு அந்தச் செம்மணலில் இறங்கினால் சக்கரம் புதையும். பழக்கம் இல்லாதவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதையும், கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வரும். கிளட்ச் அன்றைக்கே போய்விடாது. இரண்டு மாதம் கழித்து, ஏதோ ஒரு பாலம் ஏறும்போது நம் காலடியில் வழுக்கும். திரும்பி வந்த அன்று பார்த்தால் வண்டி கழுவித் துடைத்து, டேஷ்போர்டில் கால் கிலோ அல்வாப் பொட்டலத்தோடு பளபளவென்று நிற்கும்.

நாமே ஓட்டிப் போவது ஆஸ்பத்திரிக்கு மட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஒருவரைக் கொண்டுபோக வேண்டுமானால் இதில் ஒப்பீடே வேண்டாம், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். விசேஷத்துக்கு இது சரிப்படாது. காலையில் அத்தான் என்று கூப்பிட்டவர்கள் மத்தியானம் "டிரைவர் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: வண்டி நம்முடையது, டிரைவர் நமக்குத் தெரிந்தவர், அவர் சம்பளமும் பேட்டாவும் டீசலும் கேட்டவர் பொறுப்பு. ஆக்டிங் டிரைவர் தினமும் கை பழகியவர். அதைவிட முக்கியம், அவர் நாளைக்கும் நம்மிடம்தான் வேலைக்கு வர வேண்டும். எங்கே தட்டியது, எந்தக் குழியில் இறங்கியது என்று சாவியைத் தரும்போதே சொல்லிவிடுவார். பாலிசியில் சம்பள டிரைவருக்கான காப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குச் சின்னத் தொகைதான். இதற்கு வரும் எதிர்ப்பு காசைப் பற்றியே இருக்காது, சீட்டைப் பற்றித்தான். ஐந்து பேர் வண்டிக்கு ஏழு பேர் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். டிரைவர் ஏறினால் ஒரு மைனி இறங்க வேண்டும். ஒருவிதத்தில் அதுவும் நல்லதே.

டாக்ஸி பேசிக் கொடுப்பதும் மோசமில்லை, முகூர்த்த நாளாக இல்லாவிட்டால். கஷ்டப்பட்ட குடும்பம் என்றால் வாடகையில் பாதியை நாமே கொடுத்துவிடலாம், பம்பர் செலவைவிடக் குறைவு. இல்லை என்று சொல்வதைப் பொய்யில்லாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு" என்றால், சாயந்திரமே வண்ணார்பேட்டையில் யாராவது அதைப் பார்த்துவிடுவார்கள். "சாவி யாருக்கும் கொடுக்கிறதில்ல, டிரைவரோடன்னா எடுத்துக்கோ" என்பது முதல் தடவை கசக்கும், மறு தடவை பழகிவிடும். ஆனால் அந்த "யாருக்கும்" இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். மாமனார் வீட்டுக்கு ஒரு சட்டம், நம் தம்பிக்கு ஒரு சட்டம் என்றால் சண்டை நம் அடுப்படியிலேயே தொடங்கும். நான் விதிவிலக்கு வைப்பது சொந்தமாகக் கார் வைத்து தினமும் ஓட்டுகிறவருக்கு மட்டும், அதுவும் பகல் பயணத்துக்கு.

எந்த வழியானாலும் வாடகை என்று ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விட்டதாகத் தெரிந்தால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும். டீசல், டோல் மட்டும் அவர்கள் செலவு. பாஸ்டேகில் பணம் பிடிப்பது நம் கணக்கில் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த வருடாந்திரப் பாஸ் போட்டிருந்தால், அதிலுள்ள 200 கடவையில் அவர்கள் கடப்பதும் கழியும். அதில் ஒரு லாபமும் உண்டு. திருச்செந்தூருக்கு என்று சாவி வாங்கிப் போனவர் நாங்குநேரி டோலைத் தாண்டியதாக நம் போனுக்கு மெசேஜ் வந்தால், வண்டி கன்னியாகுமரிக்குப் போகிறது என்று அர்த்தம்.