வலிக்காத ஊசிக் கருவி: எந்தப் பல்லுக்கு வாங்கலாம்?

பல் டாக்டர் போடும் மரத்துப்போகும் ஊசியில் குத்தும் வலி ஒரு நொடிதான். மீதி வலி, மருந்து திசுவைப் பிதுக்கிக்கொண்டு போவதால் வருவது. கன்னப் பக்கம் திசு தளர்வாக இருப்பதால் மருந்துக்கு இடம் கிடைத்துவிடும். மேல் அண்ணத்தில் தோல் எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. அங்கே ஒரு சொட்டு போனாலும் ஆள் நாற்காலியை விட்டுத் துள்ளுவார். கட்டைவிரலால் தள்ளும் சிரிஞ்சில் வேகத்தை ஒரே சீராகப் பிடிப்பது கடினம். அந்த வேலையை மோட்டாரிடம் கொடுப்பதுதான் இந்தக் கருவிகள் செய்யும் முக்கியக் காரியம். மொரிஷியஸில் கிளினிக் வைத்திருப்பவர்கள் விலை கேட்கும் முன் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் வாண்ட். அமெரிக்க மைல்ஸ்டோன் சயின்டிஃபிக் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்தது. இப்போதுள்ளது எஸ்டிஏ (ஒற்றைப் பல் மரப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற வடிவம். மேசைமேல் ஒரு பெட்டி, காலுக்கு ஒரு பெடல், நீளமான மெல்லிய குழாய், அதன் நுனியில் பேனா போன்ற பிளாஸ்டிக் கைப்பிடி. மெதுவான ஓட்டத்தில் நொடிக்கு சுமார் 0.005 மி.லி., அதாவது இரண்டு நொடிக்கு ஒரு சிறு சொட்டு. அடுத்த வேகம் 0.03, டர்போ 0.06. கணக்குப் போட்டால், 1.8 மி.லி. காட்ரிட்ஜ் (மருந்து அடைத்து வரும் சிறு குழல்) முழுவதும் மெதுவான ஓட்டத்தில் இறங்க ஆறு நிமிடம். நோயாளி வரிசை நீளமான கிளினிக்கில் இந்த ஆறு நிமிடத்தை யார் கொடுப்பது என்பது விலையைவிடப் பெரிய கேள்வி.

ஆனால் அது பலன் தரும் இடத்தில் வேறெதுவும் கிட்டே வராது. ஒரு பக்கத்து மேல் முன்கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஈறு விளிம்புக்கும் அண்ணத்தின் நடுக்கோட்டுக்கும் பாதி வழியில் ஒரே ஊசி: நடு முன்பல்லிலிருந்து இரண்டாம் முன்கடைவாய்ப் பல் வரை மரத்துவிடும், உதடும் கன்னமும் மரக்காது. முன்பல்லில் வேலை செய்யும்போது சிரிப்புக் கோட்டைப் பார்த்துச் சரிசெய்ய இது எவ்வளவு உதவும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். அண்ணம் வெளுத்துப்போவது இயல்பு. வெளுப்பு பளிச்சென்று பரவினால் பெடலை விட்டுவிட்டுக் காத்திருங்கள். விடாமல் தள்ளினால் பிறகு புண் வரும்.

இன்னொன்று, ஒரு பல்லை மட்டும் மரக்கச் செய்வது. 30 கேஜ் என்ற மெல்லிய அரை அங்குல நீடிலைப் பல்லை ஒட்டி ஈறு இடுக்கில் மெதுவாக இறக்கவேண்டும். நுனியில் எவ்வளவு அழுத்தம் என்பதைக் கருவி விளக்குகளாலும் ஒலியாலும் சொல்லும். பச்சை வந்தால் சரியான இடம். மரப்பு மருந்து 2% லிடோகெயின் என்றால் ஒரு வேர்ப் பல்லுக்கு 0.9 மி.லி., மூன்று நிமிடம். 4% ஆர்ட்டிகெயின் என்றால் அளவைக் குறைக்கவேண்டும். ரத்தக் குழாயைச் சுருக்க மருந்தில் சேர்க்கும் அட்ரினலின் 1:50,000 அடர்த்தியில் இங்கே வேண்டாம். 1:1,00,000 அல்லது அதைவிட நீர்த்தது போதும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இப்படிப் போட்டால் குழந்தை மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு வீடு போவதில்லை.

அழுத்தம் ஏறவே இல்லையென்றால் நீடில் இடுக்கில் இல்லை, மருந்து வாய்க்குள் கசிகிறது. நாக்கில் கசப்பு தெரியும். சட்டென்று உச்சிக்கு ஏறி நின்றுவிட்டால் நுனி எலும்பிலோ வேரிலோ முட்டி அடைத்திருக்கிறது. வெளியே எடுத்து, துளி வருகிறதா பார்த்து, மறுபடி போகவேண்டும். பலத்தால் ஜெயிக்க முடியாது.

கீழ்த்தாடை நரம்பு ஊசிக்கு வாண்ட் கட்டாயமில்லை. ஆனாலும் பேனா மாதிரி பிடித்து இருபக்கமும் உருட்டிக்கொண்டே இறக்கினால் சாய்முனை நீடில் வளையாமல் நேராகப் போகும். சாதாரண சிரிஞ்சில் அப்படி உருட்ட வழியில்லை.

இரண்டாவது, டென்டாபென். சுவிட்சர்லாந்தில் செய்தது; பெட்டியும் பெடலும் கிடையாது, பேட்டரியில் ஓடும், கையில் பிடித்தே போடுவது. பெரிய வசதி, வழக்கமான காட்ரிட்ஜும் வழக்கமான நீடிலுமே போதும். வேகத்தைச் சீராக வைக்கும், மெல்லத் தொடங்கி ஏற்றவும் செய்யும். பல்லிடுக்கில் வாண்ட் காட்டும் அழுத்த விளக்கை இதில் எதிர்பார்க்காதீர்கள். சாதாரண சிரிஞ்சு பிடித்துப் பழகிய கைக்கு இதுதான் சீக்கிரம் வசப்படும்.

மூன்றாவது பிரான்சின் குவிக்ஸ்லீப்பர். இதில் நீடிலே சுழன்று எலும்பைத் துளைத்து உள்ளே மருந்தை விடும். உடனே மரக்கும். ஆனால் எலும்புக்குள் போகும் அட்ரினலினால் நெஞ்சு சில நிமிடம் படபடக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மாரடைப்பு என்று பயந்துவிடுவார். இதய நோயாளிக்கு முதலில் வேறு வழி பாருங்கள்.

எந்தக் கருவியாலும் ஆகாத வேலை ஒன்று உண்டு. சீழ் பிடித்துக் கொதிக்கும் பல்லில் திசு அமிலமாகியிருக்கும், மருந்து வேலை செய்யத் திணறும். மெதுவாகப் போட்டால் அது மாறாது.

செலவுக் கணக்கில் பலர் ஏமாறுவது இங்கேதான். வாண்டில் குழாயும் கைப்பிடியும் ஒரு நோயாளிக்கு ஒன்று. கழுவித் திரும்பப் போடும் பேச்சே இல்லை. குழாயை நிரப்பவே கொஞ்சம் மருந்து போய்விடும். இந்தியாவில் படித்து 30 மி.லி. குப்பியிலிருந்து உறிஞ்சிப் போட்டே பழகியவர்கள் காட்ரிட்ஜுக்கு மாறவேண்டும். குப்பி மருந்துக்கு இந்தக் கருவிகளில் இடமில்லை. உதிரியெல்லாம் கடல் தாண்டி வருவதால் நவம்பரில் புயல் காலம் தொடங்கும் முன்பே கையிருப்பைப் பார்த்து, பெட்டிமேல் காலாவதித் தேதியையும் படித்துவிடுங்கள். மேட்டு ஊரான க்யூர்பீப்பின் ஜூலைக் குளிரில் காட்ரிட்ஜ் சில்லென்று இருந்தால் அதுவே வலிக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் பொருத்துங்கள். வாங்குமுன் பின்பக்கத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏற்குமா என்று பாருங்கள். நம் சுவர்களில் ஆங்கிலப் பிளக்கும் பிரெஞ்சுப் பிளக்கும் கலந்தே இருக்கின்றன.

பராமரிப்பில் வாண்டின் உந்துதண்டு ரப்பர் வளையம்தான் முதலில் வம்பு செய்யும். காய்ந்தால் மருந்து பின்பக்கம் கசியும், தண்டு இழுத்து இழுத்து நகரும். சிலிக்கோன் மசகு தடவ ஒரு நிமிடம். மாற்று வளையம் இரண்டை இழுப்பறையில் வைத்திருங்கள். ஓட்டம் நின்றதும் கருவியைத் திட்டுவதற்கு முன் குனிந்து பாருங்கள்: பெடல் குழாய்மேல் நாற்காலிச் சக்கரம் ஏறியிருக்கும்.