தகவல் உரிமை விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் மாட்டாதீர்கள்

வன்னியில் காணிப் பேமிற்றை, அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரத்தை, தொலைத்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். பிரதேச செயலகத்துக்கு வெளியே மேசை போட்டு இருந்துகொண்டு "தகவல் சட்டத்தில போட்டு எல்லாம் எடுத்துத் தாறன்" என்று காசு வாங்கும் ஒருவரிடம் என் சின்னம்மா மாதக்கணக்காக ஏமாந்திருக்கிறார். ஆளின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் இங்கே போடவில்லை, பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் பாட்டில் போகட்டும். ஆனால் அவர் செய்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் இன்னும் எத்தனையோ பேர் மாட்டுவார்கள்.

காணி அம்மப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்தது, எல்.டி.ஓ (காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்ட) பேமிற். 2008 கடைசியில் யுத்தத்தில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போகப் போக ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு ஓடியதில் பேமிற் இருந்த தகரப்பெட்டியும் போய்விட்டது. மெனிக் பாம் அகதி முகாமுக்குப் போன நேரம் சின்னம்மாவின் கையில் அடையாள அட்டை ஒன்றுதான். மீள்குடியேறி வந்து அதே காணியில்தான் இருக்கிறார், கிணறும் தென்னையும் அவர் வைத்ததுதான், அம்மப்பா இப்போது இல்லை. 2024 இல் பேமிற்காரருக்கு முழு உறுதி கொடுக்கப் போகிறோம் என்று உறுமய திட்டம் வந்தபோது ஊரில் எல்லோரும் பழைய கடதாசி தேடத் தொடங்கினார்கள். சின்னம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது இரண்டே விசயம்: காணிக் கிளையின் லெட்ஜரில் (காணிப் பேரேட்டில்) அம்மப்பாவின் பேமிற் பதிவு இருக்கிறதா, இருந்தால் பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணிக்கு உரியவர், என்று யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

அவர் நேரே கவுண்டருக்குப் போய் அதைத்தான் கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "அப்பிடிச் சும்மா பாத்துச் சொல்லேலாது அம்மா, தகவல் சட்டத்தில போடுங்கோ. வெளியில எழுதுற ஆள் இருக்கு, அவரிட்டக் குடுத்து எழுதிக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அந்த ஏமாற்றுக்காரர் மேல் இருக்கிற கோபத்தைவிட இந்தப் பதிலின் மேல்தான் கோபம் கூட. எழுத முடியாத ஒருவர் வந்து வாயால் கேட்டால் அதை எழுத்தில் எடுக்க வேண்டியது அலுவலகத்தில் தகவல் விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான தகவல் அலுவலரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது, புதுச் சட்டம் என்று சாட்டுச் சொல்லவும் முடியாது. தகவல் அலுவலர் யார், மேன்முறையீடு யாரிடம், கட்டணம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் அறிவித்தல் போட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த அலுவலகத்தில் அறிவித்தல் இருக்கிறதுதான். அதற்கு முன்னால் ஒரு இரும்பு அலுமாரி நிற்கிறது. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் தலையை விட்டால் கடைசி வரி வாசிக்கலாம்.

வெளியில் இருந்த ஆள் நல்ல மரியாதையாகத்தான் கதைத்திருக்கிறார். மேசையில் ஃபைல் கவர்கள், ஸ்ராம்ப் பாட், ஒரு றப்பர் முத்திரை, பக்கத்தில் தேத்தண்ணி. "அம்மா, இது லேசுப்பட்ட வேலையில்லை. கொழும்பில இருந்து ஓடர் வந்தாத்தான் இவை லெட்ஜரைத் திறப்பினம்" என்று சொல்லி, விண்ணப்பக் கட்டணம் என்று 3500 ரூபாய் வாங்கினார். புத்தகக் கடையில் விற்கிற பில் புத்தகத்தில் ஒரு துண்டு கிழித்து, அதில் முத்திரை ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முத்திரையும் கையெழுத்தும் இருந்தால் சின்னம்மா போன்ற ஆட்களுக்கு அது அரசாங்கக் கடதாசிதான். அவர் அதைப் பொலித்தீன் பையில் போட்டுச் சாமி அறையில் வைத்திருந்தார்.

விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை. ஒரு சதமும் இல்லை. பிரதிகளுக்கு மட்டும்தான் காசு, அதிலும் போட்டோ கொப்பியின் முதல் நான்கு பக்கம் இலவசம். ஆவணத்தைப் போய் இருந்து பார்க்கக் கேட்டால் முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், அதற்குப் பிறகு மணித்தியாலத்துக்கு 50 ரூபாய். அந்த அலுவலகத்தில் ஏதாவது ஆவணத்துக்கு ஏற்கனவே வேறு சட்டத்திலோ சுற்றறிக்கையிலோ கட்டணம் இருந்தால் அதை வாங்கலாம், அதற்கும் அலுவலகத்தின் ரசீது வரும், பில் புத்தகத் துண்டு வராது.

கொஞ்ச நாளில் ஃபைலைக் கொழும்பு ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 5000. அதற்குப் பிறகு "உள்ளுக்க ஒராளைக் கவனிக்க வேணும்" என்று 10,000. சின்னம்மா அவ்வளவு இல்லை என்றதும், "கனடாவில மகன் இருக்கிறார்தானே, அவற்ற பேரில போட்டா இன்னும் கெதியா வரும்" என்றிருக்கிறார். மகன் கனடாவில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், பக்கத்தில் இருந்து இரண்டு நிமிடம் கதைத்தால் சின்னம்மாவே எல்லாம் சொல்லிவிடுவார். அரசியலமைப்பின் 14அ உறுப்புரையும் இந்தச் சட்டமும் இந்த உரிமையைக் கொடுப்பது இலங்கைப் பிரசைகளுக்கு. சின்னம்மாவின் மகன் கனடாப் பிரசாவுரிமை எடுத்து, இலங்கைப் பிரசாவுரிமையை விட்டுப் பல வருசம். அவருடைய பெயரில் போட்டால் கெதியாக வருவது மறுப்புத்தான். ஆனால் காசு மட்டும் உண்மையாகவே கெதியாக வந்தது.

பிறகுதான் எனக்குக் கதை தெரிந்தது. சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கவுண்டரைத் தாண்டி நேரே தகவல் அலுவலரைக் கேட்டுச் சந்தித்தோம். அவர் பதிவைப் பார்த்துவிட்டு, "உங்கட பேரில ஒரு விண்ணப்பமும் வரேல்லையே அம்மா" என்றார். சின்னம்மா பொலித்தீன் பையைத் திறந்து பில் துண்டைக் காட்டினார், மனிசன் ஒன்றும் பேசவில்லை. காணியின் விபரத்தைச் சொன்ன பிறகுதான், இந்தக் காணியைப் பற்றி வேறொருவர் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது, அதற்கு அப்போதே மறுப்புக் கடிதம் போய்விட்டது என்றார். யார் கேட்டது என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இதுதான் அந்த ஆளின் வேலை, கவனமாகப் பாருங்கள். விண்ணப்பத்தைச் சின்னம்மாவின் பெயரில் போடாமல் தன்னுடைய பெயரிலும் தன்னுடைய விலாசத்திலும் போட்டிருக்கிறார். பதில் தன் கைக்கு வந்தால்தானே அதை வைத்து அடுத்த காசு கேட்கலாம். ஆனால் இன்னொருவரின் தனிப்பட்ட விபரத்தை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மூன்றாம் ஆள் கேட்டால் 5(1)(அ) பிரிவில் மறுக்கலாம். அலுவலகம் அப்படியே மறுத்துவிட்டது, அதில் அவர்களைப் பிழை சொல்லவும் முடியாது. மறுப்புக் கடிதம் அவருக்கு வந்த திகதியைப் பார்த்தால், அந்த 5000 ரூபாயையும் அதற்குப் பிறகு வந்த காசையும் அவர் வாங்கியது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான். நாங்கள் அவரிடம் போய்ச் சத்தம் போட்டதும், ஆட்கள் கூடுகிறார்கள் என்று பயந்து ஃபைல் கவருக்குள் இருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். காரணமும், மேன்முறையீடு செய்யக்கூடிய காலமும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் (அலுவலகத்தில் மேன்முறையீட்டைப் பார்ப்பவரிடம்) மேன்முறையீடு செய்யலாம் என்ற வரிக்குக் கீழே அவர் பேனையால் ஏதோ கணக்குப் பார்த்திருந்தார், தேத்தண்ணிக் கடைக் கணக்காக இருக்கலாம்.

அந்த விண்ணப்பத்தின் பிரதியும் உள்ளே இருந்தது. அதை வாசிக்க எனக்குத் தலையிடி வந்துவிட்டது. "போரினால் பாதிக்கப்பட்ட இந்த ஏழைத் தாய்க்கு ஏன் இன்னும் காணி உரிமை வழங்கப்படவில்லை, இதற்கு யார் பொறுப்பு" என்று ஒன்றரைப் பக்கம். இது முறைப்பாடு, தகவல் கோரிக்கை இல்லை. அலுவலகத்தில் கடதாசியாக, பதிவாக, ஃபைலாக இருப்பதைத்தான் கேட்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்டால் நழுவ வழி கொடுத்த மாதிரி. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதவும் தேவையில்லை, அவர்கள் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினோம். தகவல் கேட்பதற்கு ஆர்.டி.ஐ 01 என்று ஒரு படிவம் இருக்கிறது, அது இல்லாமல் சாதாரணக் கடிதமாகக் கொடுத்தாலும் எடுக்கத்தான் வேண்டும். சின்னம்மாவின் பெயர், விலாசம், அடையாள அட்டையில் இருக்கிறபடியே. கீழே: இன்ன கிராம அலுவலர் பிரிவில், இன்னாருக்கு வழங்கப்பட்ட எல்.டி.ஓ அனுமதிப்பத்திரம் தொடர்பான காணிப் பேரேட்டுப் பக்கத்தின் பிரதி. அதில் பின்னுரித்தாளர் நியமனம் பதியப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தின் பிரதி. பேரேட்டை நேரில் பார்வையிடச் சந்தர்ப்பம். அவ்வளவுதான். அம்மப்பாவின் மரணச் சான்றிதழ் கொப்பியையும் சின்னம்மாவின் பிறப்புச் சான்றிதழ் கொப்பியையும் கூட வைத்தோம், மகள் என்று தெரிந்தால் மூன்றாம் ஆள் என்று தட்டிக்கழிக்க முடியாது என்று நினைத்து.

கொடுத்ததும், "சரி, வைச்சிட்டுப் போங்கோ, பாப்பம்" என்றார் கவுண்டரில் இருந்த அதே ஆள். இந்த இடத்தில்தான் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். போகாதீர்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகையை அந்த இடத்திலேயே கையில் வாங்குங்கள், திகதியோடும் கையெழுத்தோடும். அந்தத் திகதியில் இருந்துதான் கணக்கு ஓடும்: தருகிறோமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும், வேலை நாள், சனி ஞாயிறு போயா சேராது. தருகிறோம் என்றால் அதிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும், தேடுவது கஷ்டம் என்றால் காரணம் எழுதி இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். ஒப்புகை இல்லாவிட்டால் உங்களுடைய 14 எங்கே தொடங்கியது என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது. ஒரேயடியாகத் தர மறுத்தால் சண்டை பிடிக்காமல் பதிவுத் தபாலில் தகவல் அலுவலரின் பதவிப் பெயருக்கு அனுப்பி, தபால் கந்தோர் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். எங்களுக்குத் தகவல் அலுவலரே வந்து போட்டுத் தந்தார், அந்த மனிசனைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

நாள் தாண்டியும் பதில் இல்லை என்றால் அதையே காரணமாக வைத்துக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு. தபாலில் அனுப்பலாம், சட்டத்தரணி தேவையில்லை. அந்த ஆள் சொன்ன மாதிரி ஆணைக்குழு ஓடர் வந்த பிறகு லெட்ஜர் திறக்கிற கதையெல்லாம் கிடையாது, ஆணைக்குழு கடைசிப் படி, முதல் படி இல்லை.

எங்களுக்குப் பதில் நேரத்துக்கு வந்தது. லெட்ஜரை நேரில் காட்டினார்கள். ஓரமெல்லாம் செல்லரித்த பெரிய புத்தகம், அம்மப்பாவின் பெயர் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது, பின்னுரித்தாளர் இடம் வெறுமையாக இருந்தது. சின்னம்மா எதிர்பார்த்தது அதை இல்லை. ஆனால் பேமிற் இலக்கமும் திகதியும் கிடைத்துவிட்டது, மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று காணி அலுவலரோடு கதைக்க இப்போது கையில் கடதாசி இருக்கிறது. இரண்டு பக்கம்தான், கொப்பிக்குக் காசும் எடுக்கவில்லை.

இன்னொரு விசயம், காணி மட்டுமில்லை. எங்கள் ஊர்க் கிரவல் வீதி வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பிரதேச சபையிடம் எடுத்துத் தருகிறேன் என்று கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் இதே ஆள் காசு கேட்டிருக்கிறார். உள்ளூர் நிதியில் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்றால் அதன் விபரத்தை வேலை தொடங்க முன்னமே மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று இதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு சொல்கிறது. மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு வவுச்சர் என்று பெயர் சொல்லிக் கேட்டு சங்கத்தின் செயலாளரே தன் பெயரில் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

காசில் 5000 மட்டும் திரும்பி வந்தது, மிச்சத்துக்குத் தவணை சொல்கிறார். இப்போது அந்த அலுவலகத்துக்கு முன்னால் இல்லை, மேசையோடு வேறு பிரதேச செயலகப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. முத்திரை ஒட்டிய பில் துண்டு உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் அடையாள அட்டையோடு போய், உங்கள் பெயரில் விண்ணப்பம் பதியப்பட்டிருக்கிறதா என்று தகவல் அலுவலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் புதிதாக உங்கள் பெயரில் கொடுங்கள், அவருக்கு வந்த மறுப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது. துண்டை எறிய வேண்டாம், பொலிஸில் எங்கள் முறைப்பாட்டோடு சேர்க்க அது தேவைப்படும்.