முதல் கத்திக்கு எந்தக் கிட்? ஹட்டன் மழையை வைத்து ஒரு கணக்கு

கத்தி செய்து பழக ஆசைப்பட்டு முதல் கிட், அதாவது கத்தி செய்யும் சாமான் தொகுப்பு, தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: கார்பன் ஸ்டீலில் தொடங்கு, மலிவு, தீட்டுவதும் சுலபம். காய்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு அது சரி. இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனை பக்கம் மே மாதம் பிடித்த மழை செப்டெம்பர் வரைக்கும் விடாது, துவைத்துப் போட்ட சட்டையே காயாத இடத்தில் இரும்பை எப்படிக் காயவைப்பது? நான் வாங்கியது ஸ்டெயின்லெஸ் கிட், அதனால் இந்த ஒப்பீடு அந்தப் பக்கம்தான் சாயும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்ப ஆட்களுக்கு முன்னால் இருப்பது நாலு வழி. சூடுபடுத்திக் கெட்டிப்படுத்தி முடித்த ஸ்டெயின்லெஸ் அலகு வரும், நாம் பிடி மட்டும் போட்டால் போதும். அதே மாதிரியே கார்பன் ஸ்டீல் அலகு வரும். மூன்றாவது, கெட்டிப்படுத்தாத, 1084 என்ற எஃகு ரகம் மாதிரியான கார்பன் பட்டையும் அரமும். வெட்டுவது, ராவுவது, காய்ச்சுவது எல்லாம் நம் பொறுப்பு. நாலாவதுக்குக் கிட்டே தேவையில்லை, பழைய லொறி ஸ்பிரிங் துண்டும் ஒரு கொல்லன் பட்டறையும் இருந்தால் சரி. ஸ்பிரிங் வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி, கை வைத்ததில்லை, ஆகவே அதைப் பற்றி நீட்டப்போவதில்லை. ஒன்று மட்டும்: கழற்றிப் போட்ட ஸ்பிரிங் என்ன எஃகு, உள்ளே எங்கே வெடிப்பு ஓடியிருக்கிறது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் கத்திக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

கெட்டிப்படுத்தாத பட்டையில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது, அதை மறுக்க முடியாது. 1084-ஐக் கரி நெருப்பிலேயே காய்ச்சலாம். 770 செல்சியஸ் பாகையில் காந்தம் பிடிப்பது நின்றுவிடும், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், 800-ஐத் தாண்டிக் கொண்டுபோய், 50 பாகை அளவுக்குச் சுடவைத்த எண்ணெயில் தோய்த்து, அப்புறம் ஓவன் அடுப்பில் 200 பாகையில் இரண்டு மணி நேரமாக இரண்டு தடவை வாட்டி எடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிற ஒருத்தர், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் படுத்திருக்கும்போது, கிரைண்டரையும் எண்ணெய்ப் புகையையும் எங்கே வைத்துக்கொள்வது? தனி வீடும் பின்னால் ஒரு கொட்டகையும் இருந்தால் தாராளமாக இறங்கலாம். ஸ்டெயின்லெஸ்ஸை மட்டும் அப்படி வீட்டில் காய்ச்ச நினைக்காதீர்கள், அது 1000 பாகைக்கு மேல் போய்ச் சீராக நிற்க வேண்டும், கரி அடுப்புக்கு அது ஆகாத காரியம். கெட்டிப்படுத்தி வரும் அலகாக வாங்கச் சொல்வது அதனால்தான்.

மிச்சம் இருப்பது கெட்டிப்படுத்திய கார்பனா, கெட்டிப்படுத்திய ஸ்டெயின்லெஸ்ஸா என்பதுதான். இங்கே எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது துரு. அலகில் ஏறும் துருவைச் சொல்லவில்லை. அது கண்ணுக்குத் தெரியும், துடைக்கலாம், எண்ணெய் பூசலாம், மிஞ்சிப்போனால் எமரி பேப்பரால் தேய்க்கலாம். பிடிப் பலகைக்கு அடியில், அலகிலிருந்து பிடிக்குள் நீளும் காம்பு இரும்பும் மரமும் ஒட்டியிருக்கிற இடத்தில் ஏறும் துருதான் பிரச்சினை. மரம் ஈரக்காற்றில் உப்பும், வெயில் வந்தால் சுருங்கும். இரும்பு இரண்டுமே செய்யாது. இந்த இழுபறியில் பசை ஓரிடத்தில் மயிரிழை அளவுக்கு விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும், போனது வெளியே வராது. துருப்பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் பலகையை இன்னும் தள்ளும், தள்ளினால் இன்னும் தண்ணீர். வெளியிலிருந்து பார்த்தால் கத்தி பளிச்சென்றுதான் இருக்கும். ஆரம்ப ஆள் போடும் பிடியில் இடைவெளி விழுவது சகஜம், இங்கே குளிர் வேறு அதற்குத் துணை. சாதாரண அரல்டைட் பசை நல்ல சூட்டில் ஒரு நாளில் இறுகுகிறது என்றால் நுவரெலியாவின் டிசம்பர் ராத்திரியில் அந்தக் கணக்கு செல்லாது. கிளாம்பை அவசரப்பட்டு எடுக்காமல், வேலையை அடுப்பங்கரைப் பக்கம் கொஞ்சம் சூடான இடத்தில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது நல்லது. ஸ்டெயின்லெஸ் காம்பாக இருந்தால் பசை சரியில்லாத இடத்திலும் சேதம் மெதுவாகத்தான் வரும். துருவே பிடிக்காது என்று சொல்ல மாட்டேன், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் அதுவும் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். ஆனால் நம் கை பழகுகிற வரைக்கும் அது தாங்கும்.

இதைச் சொன்னதும் ஒரு கேள்வி வரும்: தேயிலைத் தோட்டத்தில் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி எல்லாம் கார்பன்தானே, தலைமுறை தலைமுறையாக இந்த மழையில்தானே வெட்டுகிறார்கள்? உண்மை. ஆனால் கவ்வாத்துக் காலத்தில் அந்தக் கத்தி ஒரு நாள் சும்மா இருப்பதில்லை, தினமும் தீட்டுக்கல்லில் ஏறுகிறது, பிடி ஆடினால் தட்டிக் கழற்றி வேறு பிடி போடுகிறார்கள். பொழுதுபோக்குக்குச் செய்யும் கத்தி பெரும்பாலும் லாச்சிக்குள் தூங்குகிறது, பசை போட்டு ஒட்டிய பிடியைக் கழற்றவும் முடியாது.

கார்பனுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. கல்லில் சீக்கிரம் கூராகும். பலாங்கொடைக்குப் பக்கத்தில் சமனலவெவயில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய பழைய உலைகளைத் தோண்டி எடுத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே உயர்கார்பன் எஃகு எடுத்திருக்கிறார்கள். அதே காற்று கொண்டுவரும் மழைதான் இன்றைக்கு நம் கார்பன் கத்திக்கு எதிரி, என்ன செய்வது. அப்புறம், கடும் சாயத் தேயிலையில் கார்பன் அலகை ஊறப்போட்டால் கருநீலமாக ஒரு படலம் பிடிக்கும், பார்க்க அழகு, துருவைக் கொஞ்சம் தள்ளியும் போடும், முழுதாகத் தடுக்காது. எண்ணெய் பூச வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயை எடுத்தால் 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும், இங்கே பாதி நாள் கட்டியாகத்தான் இருக்கும், நாளாக ஆகக் காறலும் அடிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பரஃபின் பரவாயில்லை. பதுளை, வெலிமடைப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் நல்ல வறட்சி இருப்பதால் அங்கே இருப்பவர்கள் கார்பனை எடுத்தால் நான் தடுக்க மாட்டேன், வடகீழ்ப் பருவ மழை மாதங்களில் மட்டும் கவனம்.

ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் போட்டு, எஃகின் பெயரே சொல்லாத கிட்டை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் 420 வகை மென்மையான எஃகாக இருக்கும், கூர் நிற்காது. 8சிஆர்13எம்ஓவி, 14சி28என், 440சி என்று பெயர் இருந்தால் நம்பலாம். இவற்றில் நான் தொட்டது முதலாவதை மட்டும்தான், மற்ற இரண்டும் பேர் கேட்டவை.

பிடி மரத்துக்குக் கிட்டில் வரும் பலகையே போதும் என்றாலும், பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டை கிடைத்தால் விடாதீர்கள், இறுக்கமான மரம், அறுத்து மெருகேற்றினால் நல்ல நிறம். ஆனால் பச்சையாகப் போடக் கூடாது, பலகையாக அறுத்து அடுப்புக்கு மேலே பரணில் மாதக்கணக்கில் காயட்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு மைக்கார்ட்டா, துணியையோ தாளையோ பிசினில் அடுக்கி இறுக்கிய பலகை. அது ஈரத்துக்கு அசையாது, ராவும்போது மட்டும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், தூள் நுரையீரலுக்கு ஆகாது. எதைப் போட்டாலும் அலகில் மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டு வேலை செய்யுங்கள். தோல் உறை வந்தால் அதை ஒரு இடத்தில், கத்தியை வேறு இடத்தில் வையுங்கள், மழைக்காலத்தில் தோல் பூசணம் பிடித்து ஈரத்தைச் சேர்த்து வைத்திருக்கும்.

ஓடர் பண்ணுவதற்கு முன் துளையின் அளவைப் பாருங்கள். கெட்டிப்படுத்திய காம்பில் சாதாரண ட்ரில் பிட் ஏறாது, துளை அவர்கள் போட்டதுதான். அமெரிக்க அளவில் கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர், இங்கே ஹார்ட்வெயாரில் வாங்கும் 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி அதில் ஆடும். ஆகவே ரிவெட் கம்பியும் கிட்டோடு வருகிறதா என்று பார்த்து, வந்தாலும் ஒன்றிரண்டு கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் திருகி இறுக்கும் கோர்பி போல்ட் வரும் கிட் கிடைத்தால் இன்னும் நல்லது, பசை குளிரில் சோம்பினாலும் பலகையை அது பிடித்துக்கொள்ளும்.