சித்தப்பா கேஸும் ஒரு பாலக்காட்டு வக்கீல் ஆபீஸும்

சித்தப்பாவின் ரோடு விபத்து நஷ்டஈட்டுக் கேஸ் இன்னும் நடக்கிறது. அதனால் வக்கீல் பேரும் போடவில்லை, ஸ்டேஷன் பேரும் போடவில்லை. பாலக்காடு கோர்ட்டுப் பக்கம் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ், உட்கார இரண்டே நாற்காலி, மீதிப் பேர் படிக்கட்டில். இந்த ஆபீஸுக்கு ஐந்துக்கு நாலு மார்க் தருவேன். ஒன்றைக் குறைத்த காரணம் கடைசியில்.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். போன ஆவணியில் சித்தப்பா வேலந்தாவளத்தில் காய் போட்டுவிட்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் வீட்டுக்குத் திரும்பும்போது, எதிரே வைக்கோல் லாரியை முந்தி வந்த கார் அடித்துவிட்டது. வலது முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் போச்சு. அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் நேரே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார். விபத்து கேரளாவில், ஆஸ்பத்திரி தமிழ்நாட்டில். எங்கள் ஊரில் பொண்ணு கொடுப்பது எடுப்பதெல்லாம் இப்படி இரண்டு பக்கமும்தான், ஆனால் ஒரு காகிதம் எல்லை தாண்ட எவ்வளவு நாளாகும் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாளே வார்டுக்கு ஒரு தரகர் வந்துவிட்டார். "எல்லாம் நான் பார்த்துக்கறேன், வர்ற பணத்துல முப்பது சதவீதம்" என்றார். வரும் தொகையில் பங்கு பேசி வக்கீல் வழக்கு எடுக்கக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது, அது அப்போது எனக்குத் தெரியாது. ஆள் ஆஸ்பத்திரி கேன்டீன் டீயை எங்கள் கணக்கிலேயே குடித்தார் என்பதால்தான் வேண்டாம் என்று விட்டேன்.

அடுத்து ஸ்டேஷன். அங்கே ஜிடி என்ட்ரி, அதாவது ஸ்டேஷன் பொது டைரியில் ஒரு பதிவு, போட்டுக் கொடுத்து "இது போதும், இன்சூரன்ஸ் கிடைக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அது வண்டி ரிப்பேருக்குப் போதும். கால் உடைந்ததற்கு நஷ்டஈடு கேட்க எஃப்ஐஆர் வேண்டும். இதைச் சொன்னதே இந்த வக்கீல்தான், அதுவும் போனில், பீஸ் பேசுவதற்கு முன்னால். எஃப்ஐஆர் போட்டபின் நகலைக் கேரள போலீஸின் துணா தளத்தில் நானே இறக்கிக்கொண்டேன். அந்தச் சேவைக்கு முழு மார்க்.

இனி மொழி விஷயம். ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏஎஸ்ஐ கோயம்புத்தூர் வரைக்கும் வந்தார், நல்ல மனுஷன். "மொழி எடுக்கணம்" என்றார். சித்தப்பா வலி மாத்திரை மயக்கத்தில் "தமிழுங்க சார்" என்றார். மலையாளத்தில் மொழி என்றால் வாக்குமூலம். இதைச் சொல்லி வீட்டில் இன்னும் சிரிக்கிறோம், ஆனால் அன்றைக்கு மலையாளத்தில் எழுதிய மூன்று பக்கத்தில் சித்தப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் மலையாளம் பேசாதவர் கிடையாது, எழுதினதைப் படிக்கச் சொன்னால் பாதிப் பேர் முழிப்போம்.

ஆபீஸுக்குப் போன முதல் நாள் வக்கீல் ஃபைலைக் கையில் வாங்கவே இல்லை. ஜூனியர் பெண்ணைக் கூப்பிட்டு எல்லாக் காகிதத்தையும் வரிவரியாகச் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒன்றேகால் மணி நேரம். அப்போதுதான் பூதம் கிளம்பியது. வாக்குமூலத்தில் கார் அடித்தது என்று இருக்கிறது, ஆஸ்பத்திரியின் ஏஆர் காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகல்) "இரண்டு சக்கர வண்டியிலிருந்து தானாக விழுந்தது" என்று இருக்கிறது. கேஷுவாலிட்டியில் "விழுந்துட்டாரா?" என்று கேட்டிருக்கிறார்கள், விபத்தையே பார்க்காத ஆட்டோக்காரர் தலையாட்டியிருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டுவார் என்றார்.

ஆஸ்பத்திரியில் சொல்லி மாற்றி எழுதலாமா என்று கேட்டேன். திட்டு விழுந்தது. எழுதினதில் கை வைத்தால் உள்ள கேஸும் போய்விடும், அந்த வரி தப்பு என்று மற்ற காகிதங்கள் சொல்லட்டும் என்றார். ஆட்டோக்காரரைப் போலீஸில் சாட்சி சொல்ல வைத்தோம். அப்புறம் ஸ்டேஷனில் போட்ட இட மகசரை, அதாவது போலீஸ் விபத்து நடந்த இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பை, எடுத்து, ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் ரோட்டை வரைந்தார். மோதின இடம் தெற்கு டார் ஓரத்திலிருந்து 1 மீட்டர் 20 சென்டிமீட்டர் வடக்கே. சித்தப்பா கிழக்கிலிருந்து மேற்கே வருகிறார், ஆக அவருடைய இடதுபக்க ஓரம்தான், கார்தான் தாண்டி வந்திருக்கிறது. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டில் எக்ஸெல்லின் வலது ஃபுட்ரெஸ்ட் வளைந்ததும் காரின் வலது முகப்பு விளக்கு உடைந்ததும் இருந்தது. தானாக விழுந்தவனுக்கு எதிரில் வந்த காரின் விளக்கு எப்படி உடையும்? மகசர் என்று ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

இன்னொரு வேலையும் செய்தார்கள். எஃப்ஐஆரில் பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 281, 125(ஏ) மட்டும்தான் இருந்தது, அதாவது முரட்டுத்தனமாக ஓட்டியது, சாதாரணக் காயம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரே ரிப்போர்ட்டையும் ஸ்டேஷனில் கொடுத்து 125(பி) சேர்க்க வைத்தார்கள். யார் தப்பு என்றே பார்க்காமல் மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் வாங்கும் வழியும் இருக்கிறது. ஆனால் சித்தப்பாவுக்கு ஆஸ்பத்திரி பில்லே அதற்கு மேல், அதனால் 166இல் போட்டோம். அதில் கார்க்காரர் தப்பை நாம் காட்டவேண்டும். அதற்குத்தான் சார்ஜ் ஷீட், அதாவது போலீஸின் குற்றப்பத்திரிகை. காரோட்டி மேல் குற்றம் சாட்டிப் போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டிருந்தால் அலட்சியத்துக்கு அதுவே முதல்கட்ட ஆதாரம் என்று கேரள ஹைகோர்ட் 2011இல் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு சாட்சி கொண்டுவந்து அதை உடைக்கப் பார்க்கலாம், அது வேறு. எஃப்ஐஆர் கையில் வந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

விதிப்படி போலீஸே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும், நமக்கும் நகல் வரவேண்டும். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை, குமாஸ்தா மூன்று தரம் ஸ்டேஷனுக்கு நடந்துதான் விரிவான அறிக்கை கிடைத்தது. மனுப் போட ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. அது சரியா என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு இருக்கிறது, அதை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இப்போது குறை. குமாஸ்தா போனை எடுக்கமாட்டார். எடுத்தாலும் "வாய்தா தேதி சொல்றேன், வைங்க" என்று வைத்துவிடுவார், தேதி வராது. ஒரு தடவை சித்தப்பாவை வாக்கரோடு மாடி ஏற்றி இறக்கியபின்தான் அன்றைக்கு ஜட்ஜ் லீவு என்று சொன்னார்கள். ஜெராக்ஸ் செலவுக்கு ரசீது கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். பீஸ் மட்டும் முதல் நாள் சொன்னதுதான், மூன்று தவணை, பங்கு கிங்கு கிடையாது.

போகிறவர்கள் காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வக்கீல் கோர்ட்டுக்குப் போய்விடுவார். மலையாளம் படிக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த ஜூனியர் பெண் இந்த மாதத்தோடு வேறு ஆபீஸுக்கு மாறுகிறதாம்.