நியூட்ரல் எர்த் குழி: மூடியைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

காவிரி டெல்டாவில் ஜெனரேட்டர் வைக்கப்போகும் மில்காரர்களும் மண்டபக்காரர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஊர் இருட்டில் கிடந்தபோதே, ஜெனரேட்டர் இல்லாமல் மில் நடத்த முடியாது என்று முடிவு செய்துவிட்டோம். எங்கள் அரிசி மில் திருத்துறைப்பூண்டிப் பக்கம். பிறகு ஒன்றை வாங்கி வைத்தபோது, வேலை எடுத்த கான்ட்ராக்டர் நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பி வரும் ஒயருக்கு) இரண்டு, பாடிக்கு (இரும்பு உடலுக்கு) இரண்டு என நான்கு எர்த் குழிகளுக்குப் பணம் வாங்கினார். எர்த் குழி என்றால், பைப்பை மண்ணில் இறக்கி ஜெனரேட்டரைப் பூமியோடு இணைக்கும் குழி.

குறுவை நெல் வந்து குவிந்திருந்த சமயம். கரண்ட் போய், ஜெனரேட்டரில் மில் ஓடிக்கொண்டிருந்தது. பல்பு ஹோல்டர் மாற்ற ஏணியில் ஏறிய எங்கள் எலக்ட்ரீஷியன் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தார். அப்படியும் நியூட்ரல் ஒயர் அவரைத் தூக்கி எறிந்தது. நெல் மூட்டை அடுக்கின் மேல் விழுந்ததால் பிழைத்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் நியூட்ரலிலேயே பளிச்சென்று எரிகிறது.

நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் மோட்டாரில் ஒரு பேஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் மூன்று ஒயர்களில் ஒன்று, பாடியைத் தொட்டிருந்தது. ஜெனரேட்டரின் நியூட்ரல் பூமியோடு சேர்ந்திருந்தால், அந்தக் கசிவு மண் வழியாகத் திரும்பி வந்து, கசிவைக் கண்டுபிடிக்கும் எர்த் ஃபால்ட் ரிலே மில்லை நிறுத்தியிருக்கும். எங்கள் நியூட்ரல் அந்தரத்தில் நின்றது. கசிவு திரும்ப வழியில்லை, பிரேக்கரும் அசையவில்லை, மோட்டாரும் நிற்காமல் ஓடியது. பழுதான பேஸ் பூமியோடு ஒட்டிக்கொள்ள, நியூட்ரல் ஒயர் பூமிக்கு 230 வோல்ட்டில் ஏறிக்கொண்டது. மற்ற இரண்டு பேஸ்களும் 400 வோல்ட்டுக்கு. ஒயர்களின் காப்பு எத்தனை நாள் தாங்கும்?

குழிகளைத் தோண்டினோம். நியூட்ரல் குழிகள் இரண்டிலும் பைப்பே இல்லை. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை வளைத்துச் செங்கல் தொட்டிக்குள் செருகி, மேலே சிமெண்ட் மூடி போட்டு, அதில் பச்சை பெயிண்டும் அடித்திருந்தார். பாடி குழிகளில் முழ நீளப் பைப் துண்டுகள். கேட்டதற்கு, "ஜெனரேட்டருக்குப் பாடி எர்த்தே போதும் அண்ணே, இங்கே எல்லாம் ஈர மண்தானே" என்றார். ஈர மண்ணாம்! சித்திரையில் நம் களிமண் பாளம் பாளமாக வெடித்துப் பைப்பை விட்டு விலகுவது அவருக்குத் தெரியாதா? ஒரு மனிதர் செத்திருப்பார் என்பதைக்கூட அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பணமும் திரும்பி வரவில்லை.

நியூட்ரலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 படி ஜி.ஐ. பைப் 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் குறையக்கூடாது. பைப்பை இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், டேப் வைத்து அளந்து பாருங்கள், மூடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எர்த் டெஸ்டரில் ஒவ்வொரு குழியின் மின்தடையையும் தனியாக அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மழை நாளில் அளந்து காட்டினால் ஒரு பகுதிப் பணத்தைப் பிடித்துவைத்து, கோடையில் மறுபடி அளந்த பிறகு கொடுங்கள்.