கீசரில் பிடிக்கும் உப்பு: சாஃப்ட்னரா, ஆர்.ஓ.வா, காந்தமா?

கெட்டிலின் அடியிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாகப் பொருக்கு கட்டுவதை உப்பு என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து கிடப்பது, சூடு பட்டதும் கரியமில வாயு பிரிந்துபோய்க் கல்லாக ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது நேர்மாறு. அதனால்தான் தொட்டியை விட்டுவிட்டு கீசர் காயிலில் முதலில் பிடிக்கிறது.

என் ஓட்டு, கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னருக்குத்தான். அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். இதை மாட்டியபின் பலரும், கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்து, "குறையவே இல்லையே" என்று வருத்தப்படுகிறார்கள். குறையாதுதான், ஒன்றை எடுத்து இன்னொன்றைத்தானே விடுகிறது! கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மக்னீசியம் அளவை, சோதிக்கும் கிட்டில் பாருங்கள், அல்லது சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள். குடிக்க மட்டும் வேறு குழாய் நல்லது: லிட்டருக்கு 300 மி.கி. கடினத்தன்மையை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது) நீக்கினால் சுமார் 138 மி.கி. சோடியம் சேரும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ. கிட்டத்தட்ட எல்லா உப்பையும் வடிகட்டும், ஆனால் ஒரு பங்கு தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். குளிக்கவும் துவைக்கவும் அது வீண். அப்புறம், கடினநீரில் அதன் சவ்வின் மேலேயே படிவு கட்டும். பெரிய ஆலைகளில் ஆர்.ஓ.வுக்கு முன்னால் சாஃப்ட்னரோ படிவுத் தடுப்பு மருந்தோ வைப்பது இதற்காகத்தான்.

குழாயில் மாட்டும் காந்தம்? ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கால்சியம் தண்ணீரிலேயே இருப்பதால் சோப்பும் நுரைக்கப்போவதில்லை. நான் வாங்க மாட்டேன். தண்ணீரில் மெல்லக் கரையும் பாலிபாஸ்பேட் கட்டிகள் சுண்ணாம்புப் படிகம் வளர்வதைத் தடுக்கும், ஆனால் கொதிநிலையை நெருங்கும் சூட்டில் அவை சிதைந்துவிடும்.

சரி, ஏற்கெனவே பிடித்துவிட்டால்? வினிகரைவிட சிட்ரிக் அமிலம் வேகமாகக் கரைக்கும், வாடையும் இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னும் வேகம்தான், ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரித்துவிடும். எந்த அமிலத்தையும் பிளீச்சோடு கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அமிலம் பட்டும் பொங்காமல் அப்படியே கிடந்தால் அது கால்சியம் சல்பேட்டாக இருக்கலாம். அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.